ரோமப் பேரரசரின் வயிற்றுவலியும் தில்லி லேகியமும்



தில்லித் தமிழர்களில் கரோல் பாக் தெரியாதவர் இருக்க முடியாது. அரசாங்க வேலைக்காக ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய எத்தனையோ குடும்பங்கள் முதலில் அறை எடுத்துத் தங்கியது அங்கேதான். தீபாவளி ஜவுளிக்கும் கல்யாண ஜவுளிக்கும் அஜ்மல் கான் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருப்பீர்கள். அந்தச் சாலைக்குப் பெயர் தந்த ஹகீம் அஜ்மல் கான், 1921இல் அகமதாபாத் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் என்பது வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அரசியலுக்கு முன்னும் பின்னும் அவர் வைத்தியர். அவர் கட்டிய ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரி அதே கரோல் பாகில் இன்றும் நடக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அதன் வாசலைக் கடந்து போயிருக்கிறோம், உள்ளே போனதில்லை.

இன்று உங்களை உள்ளே அழைத்துப் போக விரும்புகிறேன். அங்கே இன்றும் மாணவர்கள் படிக்கிற, பழைய தில்லிக் கடைகளில் இன்றும் டப்பாவில் அடைத்து விற்கிற ஒரு வயிற்று மருந்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் பெயர் ஜவாரிஷ் ஜாலினூஸ். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலனைத்தான் அரபு நூல்கள் ஜாலினூஸ் என்று குறிக்கின்றன. பதினெட்டு நூற்றாண்டு தாண்டியும் ஒரு மேற்கத்திய மருத்துவரின் பெயரோடு ஒரு பண்டம் தில்லித் தெருவில் விலைபோகிறது.

ஜவாரிஷ் என்பது நம் லேகியம் போன்றது. இந்த ஜவாரிஷில் என்னென்ன சேருகின்றன என்று சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை, சித்தரத்தை, கோரைக்கிழங்கு, கோஷ்டம், சடாமாஞ்சில், குங்குமப்பூ, ரூமி மஸ்தகி. இவற்றோடு அசாரூன் என்கிற வேரும், பல்சான் மரக்குச்சியும், இன்னும் சில சரக்குகளும் உண்டு. எல்லாவற்றையும் இடித்து, சர்க்கரையும் தேனும் சேர்ந்த பாகில் கிளறி எடுப்பார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஒரு தேக்கரண்டி. பசியின்மை, வயிற்று உப்புசம், சாப்பிட்டது கல்லாக நிற்பது போன்ற உணர்வு ஆகியவற்றுக்குக் கொடுப்பார்கள்.

பாதிப் பட்டியலைக் கேட்டபோதே உங்களுக்கெல்லாம் தீபாவளி லேகியம் நினைவுக்கு வந்திருக்கும். நம் வீட்டில் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் பாட்டி உருட்டிக் கையில் வைக்கிற உருண்டைக்கும் இதற்கும் பாதிச் சரக்கு பொது. இந்த ஒற்றுமை எப்படி வந்தது? கிரேக்கரிடமிருந்து நாம் வாங்கினோமா, நம்மிடமிருந்து அவர்கள் வாங்கினார்களா என்று கட்சி கட்டி வாதாடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் சரக்கு எங்கிருந்து எங்கே போனது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் கேலனைப் பார்ப்போம். இன்றைய துருக்கியில் பெர்காமா என்று வழங்கும் பெர்கமோன் நகரத்தில் கி.பி. 129இல் பிறந்தவர். தந்தை கட்டடக் கலைஞர். சில ஆண்டுகள் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் படித்துவிட்டு, 157இல் சொந்த ஊருக்குத் திரும்பி, வாட்போர் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அறுந்த தசையையும் திறந்த வயிற்றையும் அன்றாடம் பார்த்துக் கற்ற படிப்பு அது. பிறகு ரோம் நகரம் சென்று, பேரரசர் மார்கஸ் அரேலியஸின் மருத்துவர்களில் ஒருவரானார்.

176ஆம் ஆண்டு பேரரசருக்கு ஒருநாள் வயிறு சரியில்லை. அதைக் கேலன் தம் நூல் ஒன்றில் விரிவாகவே எழுதியிருக்கிறார். முதல் நாள் காலையில் பேரரசர் கற்றாழைச் சாறு கலந்த கசப்பு மருந்து குடித்திருக்கிறார். நண்பகலில், தினமும் வழக்கமாகச் சாப்பிடும் தெரியாக் என்ற கூட்டு மருந்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். விரியன் பாம்பின் இறைச்சியும் அபினியும் சேர்ந்த மருந்து அது. மாலையில் குளியல், கொஞ்சம் சாப்பாடு. இரவு முழுவதும் வயிற்றைப் பிசைந்து பேதியாகி, காய்ச்சல் அடிப்பதுபோல் ஆகிவிட்டது. அரண்மனை வைத்தியர்கள் காலையில் வந்து நாடி பார்த்து, படுத்திருக்கச் சொல்லி, கஞ்சி கொடுத்தார்கள். காய்ச்சல் தொடங்குகிறது என்பது அவர்கள் கணிப்பு.

விளக்கு வைக்கிற நேரத்தில் கேலனுக்கு ஆள் வந்தது. அவர் போனபோது மூன்று வைத்தியர்கள் நாடி பார்த்து முடித்திருந்தார்கள். கேலன் பேசாமல் நின்றார். நீர் மட்டும் ஏன் பார்க்கவில்லை என்று பேரரசரே கேட்ட பிறகுதான் கையைத் தொட்டார். காய்ச்சல் நாடி இல்லை இது. உண்டது செரிக்காமல் இரைப்பையை அழுத்துகிறது, அவ்வளவுதான் என்றார். அதேதான், அதேதான் என்று பேரரசர் சொன்னாராம். சரி, என்ன செய்யலாம்? கேலன் சொன்ன பதிலைத்தான் கவனிக்க வேண்டும். வேறு யாராவதாக இருந்தால் திராட்சை மதுவில் மிளகுப்பொடி தூவிக் குடிக்கச் சொல்வேன். ஆனால் மன்னர்களுக்கு மிகவும் பத்திரமான வைத்தியமே செய்வது வழக்கம் என்பதால், சடாமாஞ்சில் தைலத்தைச் சூடாக்கிக் கம்பளியில் நனைத்து வயிற்றின் மேல் போட்டால் போதும் என்றார். பேரரசர் தைலத்தைப் போட்டுக்கொண்டார். அப்புறம் மிளகு போட்ட மதுவையும் வரவழைத்துக் குடித்துவிட்டார்.

மருத்துவர்களில் முதல்வர் என்று பேரரசர் தம்மைப் புகழ்ந்ததாகக் கேலனே எழுதி வைத்திருக்கிறார். தற்பெருமை அவருக்கு நிறையவே உண்டு. ஆனால் எனக்கு இந்த நிகழ்ச்சி பிடிப்பதற்குக் காரணம் வேறு. உலகத்தின் பெரிய அரசனுடைய வயிற்றுக்கு உலகத்தின் பெரிய வைத்தியன் எடுத்த இரண்டு மருந்துகளும் இந்தியாவிலிருந்து போனவை. மிளகு நம் மேற்குக் கரையில் விளைந்தது. சடாமாஞ்சில் இமயமலைச் சரிவில், மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் வளரும் செடியின் வேர்த்தண்டு.

இமயமலை வேர் ரோமுக்கு எப்படிப் போயிற்று? மேற்குக் கரையின் முசிறித் துறைமுகம் வழியாகவும் போயிற்று. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் ஓலை இருக்கிறது. 1985இல் அறிஞர்கள் அதைப் பதிப்பித்தார்கள். முசிறி வணிகத்துக்காகப் போட்ட கடன் ஒப்பந்தம் ஒரு பக்கம். மறு பக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. அதில் கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டி என்று எழுதியிருக்கிறது. யானைத் தந்தமும் உண்டு. காலம் இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கேலன் அலெக்சாந்திரியாவில் மாணவராக இருந்ததும் ஏறத்தாழ அந்தக் காலம்தான். அந்தக் கப்பல் சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதி வழியாகப் போய்ச் சேர்ந்த இடம் அதே அலெக்சாந்திரியா. மிளகைப் பற்றிச் சங்கப் பாட்டு அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் ஒரு கோயில் தரையில் புதைந்திருந்த இந்திய ஜாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. ரோம் நகரத்தில் மிளகுக்கென்றே டொமிஷியன் பேரரசர் கிடங்கு கட்டியிருந்தார். அந்தக் கிடங்குகள் இருந்த புனிதச் சாலைப் பகுதியில்தான் கேலனும் தம் மருந்துச் சரக்கைச் சேர்த்து வைத்திருந்தார். 192ஆம் ஆண்டுத் தீயில் அவருடைய சரக்கும் நூல்களும் எரிந்து போயின. அந்த இழப்பைப் பற்றி அவர் எழுதிய கடிதம் காணாமல் போயிருந்து, 2005இல் கிரீஸின் தெசலோனிக்கி மடம் ஒன்றில் கிடைத்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இன்று தில்லியில் விற்கும் ஜவாரிஷ் ஜாலினூஸ் பட்டியல் முழுவதும் கேலன் தம் கையால் எழுதியது என்று நான் சொல்ல மாட்டேன். சித்தரத்தை போன்றவை பின்னால் அரபு, பாரசீக வைத்தியர்கள் சேர்த்தவை. கேலனின் பெயரைச் சூட்டியதில் மரியாதைக்கும் பங்கு உண்டு, வியாபாரத்துக்கும் பங்கு உண்டு. அவருடைய கையெழுத்தை நேராகப் பார்க்க வேண்டுமானால், அதே கடையில் பக்கத்து அலமாரியில் இருக்கும் ஜவாரிஷ் கமூனியை எடுங்கள். சீரகத்தை வினிகரில் ஊறவைத்து உலர்த்தி, மிளகு, சுக்கு, சதாப்பு இலை, ஒரு வகை உவர்க்காரம் ஆகியவற்றைக் கூட்டித் தேனில் குழைத்தது அது. ஆரோக்கியத்தைக் காப்பது பற்றிக் கேலன் எழுதிய நூலில் எகிப்து ஊர் ஒன்றின் பெயரால் வழங்கிய மருந்து ஒன்று வருகிறது. வினிகரில் ஊறிய சீரகம், மிளகு, சதாப்பு, உவர்க்காரம். சுக்கு ஒன்றைத் தவிர எல்லாம் அப்படியே. கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் நம் ஊரில் இன்னமும் தேடுகிற அதே சதாப்புதான்.

அதே நூலில் மூன்று மிளகு மருந்து என்று இன்னொன்றும் உண்டு. கருமிளகு, வெண்மிளகு, திப்பிலி, கூடவே இஞ்சி. நம் திரிகடுகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது, பாருங்கள்.

கேலனிடமிருந்து தில்லிவரை உள்ள பாதையை நான் விரைவாகக் கடந்து விடுகிறேன். ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற சிரிய கிறிஸ்தவ மருத்துவர் கேலனைச் சிரியாக்கிலும் அரபியிலும் மொழிபெயர்த்தார். தாம் அறிந்த கேலன் நூல்கள் 129 என்று தனியாக ஒரு பட்டியலே எழுதினார். ஜவாரிஷ் வகைகள் அரபு மருந்துத் தொகுப்புகளில் தனி அத்தியாயமாக இடம்பெறத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். பிறகு பாரசீக மருத்துவர் இப்னு சீனா வந்தார். சுல்தான்களோடும் குடியேறிய அறிஞர்களோடும் அந்த நூல்கள் தில்லிக்கு வந்தன.

தில்லிக்கு வந்ததும், யுனானி என்று வழங்கும் இந்த மருத்துவம் ஒரு கேள்வியைச் சந்தித்தது. தில்லி சுல்தான் சிக்கந்தர் லோடியின் அமைச்சர் மியான் புவா 1512இல் பாரசீக மொழியில் ஒரு பெரிய மருத்துவ நூல் தொகுத்தார். கிரேக்க நூல்களில் உள்ள மூலிகைப் பெயர்கள் இங்கே பலருக்குத் தெரிவதில்லை, அந்த வைத்தியம் இந்த நாட்டு உடம்புக்கும் பொருந்தவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே சரகர், சுசுருதர், வாக்பட்டர் நூல்களிலிருந்து எடுத்துப் பாரசீகத்தில் கொடுத்தார். ஒரு முஸ்லிம் அரசனுக்கு ஒரு முஸ்லிம் அமைச்சர் சமஸ்கிருத வைத்தியத்தைத் தொகுத்துக் கொடுத்த நூல் அது. இந்த ஊரின் மருத்துவ வரலாற்றை மதச் சுவர் வைத்துப் பிரித்துப் பேசுகிறவர்கள் அந்த நூலை ஒரு முறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும்.

பிறகு முகலாயர் காலம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹகீம் ஷரீஃப் கான் என்பவரிடமிருந்து ஒரு வைத்தியக் குடும்பம் வளர்ந்தது. சாந்தினி சௌக்கை ஒட்டிய பல்லிமாரானில் ஷரீஃப் மன்சில் என்ற அவர்கள் வீடு. 1857இல் ஆங்கிலப் படை தில்லியைப் பிடித்துச் சூறையாடியபோது அந்தத் தெரு தப்பியது. அந்தக் குடும்பத்து ஹகீம்கள் பாட்டியாலா மகாராஜாவின் வைத்தியர்கள். அவர் ஆங்கிலேயர் பக்கம் இருந்தவர். தம் படைவீரர்களைத் தெருமுனையில் காவல் நிறுத்தினார். பக்கத்துச் சந்தில் வாழ்ந்த கவிஞர் காலிப் இதை எழுதி வைத்திருக்கிறார். நகரமே அழிந்தபோது ஒரு தெரு பிழைத்ததற்கு வைத்தியம் காரணமாக இருந்தது.

அந்த வீட்டில் 1868இல் பிறந்தவர் அஜ்மல் கான். யுனானி, ஆயுர்வேதம் இரண்டும் அழிந்து போகாமல் இருக்க வேண்டுமானால் அவை ஒரே கூரையின் கீழ், உடற்கூறும் அறுவையும் தெரிந்த ஆசிரியர்களோடு கற்பிக்கப்பட வேண்டும் என்று அவர் நினைத்தார். கரோல் பாகில் நிலம் வாங்கி, 1916இல் வைசிராய் ஹார்டிங்கைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். கட்டி முடிப்பதற்குள் நாடு மாறிவிட்டது, அவரும் மாறிவிட்டார். பட்டத்தையும் பதக்கத்தையும் அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒத்துழையாமையில் இறங்கினார். கல்லூரியை 1921 பிப்ரவரி 13 அன்று திறந்து வைத்தவர் காந்தியடிகள்.

அன்று காந்தியடிகள் பேசிய பேச்சை நம் பாரம்பரிய மருத்துவர்கள் அனைவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மேல்நாட்டு மருத்துவத்தைக் கடுமையாகக் குறை சொன்னவர் அவர். அவரைத் திறப்பு விழாவுக்கு அழைத்தவர்கள் நம்மவர் மருத்துவத்துக்குப் புகழாரம் சூட்டுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் என்ன செய்தார்? நவீன விஞ்ஞானிகளிடம் இருக்கும் ஆராய்ச்சித் தாகத்துக்கு வணக்கம் சொன்னார். நம் வைத்தியர்களிடமும் ஹகீம்களிடமும் அந்தத் தாகம் இல்லை, பழைய சூத்திரங்களைக் கேள்வி கேட்காமல் பின்பற்றுகிறார்கள் என்று மேடையிலேயே வருத்தத்தோடு சொன்னார். விருந்தினராக வந்த இடத்தில் இதைச் சொல்ல அன்பு வேண்டும், துணிவும் வேண்டும்.

அஜ்மல் கான் அந்தச் சொல்லைத் தள்ளிவிடவில்லை. ஜெர்மனியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற இளைஞரைக் கொண்டு திப்பியா கல்லூரியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அமைக்கத் திட்டமிட்டார். 1927 டிசம்பரில் அஜ்மல் கான் காலமாகிவிட்டார். ஆராய்ச்சிக்கூடம் எழுந்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931இல் சித்திகி பிரித்தெடுத்த ஒரு பொருளுக்குத் தம்மை வளர்த்தவர் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்பில் உள்ள ஒருவகைப் பிறவிக் கோளாற்றைக் கண்டுபிடிக்க உலகின் மருத்துவமனைகள் பலவற்றில் இன்றும் அஜ்மலின் ஊசி போடுகிறார்கள். அந்த மருந்து பிறந்தது நாம் ஜவுளி வாங்குகிற தெருவுக்குப் பக்கத்தில். கேள்வி கேட்டுச் சோதித்ததால் அது உலகத்துக்குக் கிடைத்தது.

சரி, நம் ஜவாரிஷ் ஜாலினூஸை அதே கண்ணோடு பார்ப்போமா?

இதில் தில்லிக்கு வெகு தொலைவிலிருந்து வரும் ஒரு சரக்கு மஸ்தகி. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையிலும் ரூமி மஸ்தகி என்று கேட்டால் கிடைக்கும். ஏஜியன் கடலில் கியோஸ் என்ற கிரேக்கத் தீவின் தென்பகுதிக் கிராமங்களில் ஒரு புதர்மரத்தின் பட்டையைக் கீறிவிட்டால், கண்ணீர்த்துளி போலப் பிசின் வடிந்து உறையும். மரத்தடியில் வெள்ளை மண் தூவி வைத்துத் துளிகளைப் பொறுக்கி, கையால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வார்கள். அந்த மரம் வேறு இடங்களிலும் வளரும். ஆனால் இந்த அளவுக்குப் பிசின் தருவது அந்தத் தீவின் தென்பகுதியில்தான். மஸ்தகி வளர்க்கும் அந்த அறிவை யுனெஸ்கோ 2014இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது.

பழைய தில்லியில் தவாகானா என்கிற மருந்துக்கடை ஒன்றின் பின்கட்டில் இதைச் சேர்க்கும் விதத்தைப் பார்த்திருக்கிறேன். மற்றச் சரக்குகளை இரும்பு உரலில் ஓங்கி இடித்தார்கள். மிகவும் நைசாகப் போகவில்லை. ரவைப் பதத்தில் நிறுத்திவிட்டார்கள். கொரகொரப்பாக இருந்தால்தான் இரைப்பையில் தங்கி வேலை செய்யும் என்பது ஜவாரிஷ் வகைக்கு அவர்கள் வைத்திருக்கும் விதி. குங்குமப்பூவைப் பன்னீர் விட்டுக் கல்வத்தில் அரைத்தார்கள். மஸ்தகி முறை வந்தபோது வயதான கைவேலைக்காரர் மற்றவரை விலக்கிவிட்டுத் தாமே உட்கார்ந்தார். உலக்கையைத் தூக்கவே இல்லை. விரல் நுனியில் பிடித்து, அழுத்தாமல், மெல்ல மெல்லச் சுற்றினார். வேகமாக அரைத்தால் சூடேறிப் பிசின் இளகிக் கல்லில் ஒட்டிவிடும். பொடி வெள்ளை மாவாக வந்தது. பைன் மரமும் சாம்பிராணியும் கலந்தது போல் ஒரு மணம். பாகு கம்பிப் பதம் வந்து, அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே மஸ்தகியையும் குங்குமப்பூவையும் சேர்த்தார். இந்தக் கைப்பக்குவம் எந்த ஆலையின் இயந்திரத்திலும் தானாக வந்துவிடாது. அந்தக் கைக்காரர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மஸ்தகி வேலை செய்கிறதா? கிரீஸில் செரிமானக் கோளாறு உள்ள 148 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனை 2010இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு மஸ்தகி, மீதிப் பேருக்கு அதேபோல் தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. மூன்று வாரம் கழித்து, மஸ்தகி சாப்பிட்டவர்களில் 77 சதவீதம் பேருக்குத் தேறியிருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 40 சதவீதம் பேருக்குத் தேறியிருந்தது.

இந்த இரண்டாவது எண்ணைத் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தே இல்லாத மாத்திரையில் பத்துப் பேரில் நான்கு பேருக்குக் குணம் தெரிகிறது. வயிற்று உபாதை வரும், போகும். நம்பிக்கையிலும் குறையும், ஓய்விலும் குறையும். ஆகவே, என் மாமாவுக்குக் கேட்டது, என் அத்தைக்கு ஒரே வாரத்தில் சரியாயிற்று என்பவற்றை வைத்து எந்த வயிற்று மருந்தையும் எடைபோட முடியாது. இதை நான் யுனானிக்கு மட்டும் சொல்லவில்லை. சித்தம், ஆயுர்வேதம், தொலைக்காட்சியில் விளம்பரம் செய்கிற ஆங்கில மருந்துப் பொடி எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொரு கதையும் உண்டு. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை மஸ்தகி ஆய்வுக்கூடத் தட்டில் கொல்கிறது என்று 1998இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. உலகம் முழுவதும் பத்திரிகைகள் கொண்டாடின. 2003இல் கிருமி உள்ள எட்டு நோயாளிகளுக்கு இரண்டு வாரம் மஸ்தகி கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் கிருமி போகவில்லை. முதல் செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது செய்தி சேரவில்லை. உப்புசத்துக்கு மஸ்தகி உதவலாம். புண்ணை ஆற்றும், கிருமியைக் கொல்லும் என்று நம்பி மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தக் கூடாது. என் முடிவு இதுதான்.

மற்றச் சரக்குகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். மிளகில் உள்ள பைப்பரின் மற்றப் பொருள்கள் இரத்தத்தில் சேரும் அளவையே மாற்றவல்லது. மஞ்சளின் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, உடலில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியதாகப் பெங்களூரில் நடந்த ஆய்வு ஒன்று 1998இல் காட்டியது. மஞ்சளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் வலிப்புக்கோ இதயத்துக்கோ அளந்து மாத்திரை சாப்பிடுகிறவர் தினமும் மிளகு லேகியம் சாப்பிட்டால், அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பாகில் சர்க்கரையும் தேனும்தான் பெரும்பங்கு என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

அசாரூன் வேரைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. அந்த இனத்துச் செடிகள் சிலவற்றில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. தவறான மூலிகை கலந்து இந்த அமிலம் உள்ளே போனதே காரணம். அசாரூனுக்குப் பதில் இங்கே பல இடங்களில் தகரம் என்கிற வேறு வேரைச் சேர்க்கிறார்கள். எது சேர்ந்தாலும் டப்பாவின் மேல் தாவரப் பெயரோடு எழுதியிருக்க வேண்டும். அந்த அமிலம் இல்லை என்று சோதித்த சான்றும் இருக்க வேண்டும். மஸ்தகிக்கும் குங்குமப்பூவுக்கும் விலை மிக அதிகம். விலை அதிகமான இடத்தில் கலப்படம் நுழையும். பழைய தில்லியின் காரி பாவ்லிச் சந்தையில் மஸ்தகி என்று விற்பதில் வேறு பிசின் கலந்திருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வுக்கூடத்துக்குத்தான் தெரியும்.

கேலனின் கோட்பாட்டை இன்று யாரும் ஏற்க முடியாது. நான்கு தாதுக்கள், குளிர்ந்த இரைப்பை, கபம் என்று அவர் கட்டிய மாளிகை இடிந்துவிட்டது. ஆனால் அவருடைய பழக்கம் ஒன்று இடியவில்லை. நாடியைத் தாமே தொட்டுப் பார்க்காமல் அவர் பேசவில்லை. மூன்று பேர் காய்ச்சல் என்று சொல்லியிருந்தும் தம் விரல் சொன்னதை நம்பினார். சரக்குகளைத் தாமே பார்த்து வாங்கக் கப்பலேறி சைப்ரஸ், லெம்னோஸ் தீவுகளுக்குப் போனார். அவர் பெயரைச் சூடிய மருந்தை ஏன், எப்படி என்று கேட்காமல் விழுங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதே நேரம், ஆங்கில மருத்துவம் படித்துவிட்ட காரணத்தாலேயே அதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் நேர்மை ஆகாது. தள்ளுவதற்கும் சோதனை வேண்டும்.

தில்லியில் திப்பியா கல்லூரி இருக்கிறது. ஹம்தர்த் பல்கலைக்கழகம் இருக்கிறது. யுனானிக்கான மத்திய ஆராய்ச்சிக் குழுவின் தலைமையகம் ஜனக்புரியில் இருக்கிறது. சென்னையில் அதே குழுவின் ஆய்வு நிறுவனம் ராயபுரத்திலும், அரசு யுனானி மருத்துவக் கல்லூரி அரும்பாக்கத்திலும் இருக்கின்றன. அரும்பாக்கத்தில் சித்த மருத்துவமும் அதே வளாகத்தில் உண்டு. மஸ்தகிக்குக் கிரீஸில் செய்ததுபோல் ஜவாரிஷ் முழுமைக்கும் ஒரு பெரிய சோதனையை இந்த இரண்டு ஊர்களும் சேர்ந்து செய்யலாம். ஒப்பிட வைக்கும் வெற்று லேகியமும் அதே நிறம், அதே மணம், அதே இனிப்போடு இருக்க வேண்டும் என்பது கடினமான வேலைதான். செய்ய முடியாத வேலை இல்லை. முடிவு சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் ஒரே எழுத்தளவில் அச்சாக வேண்டும்.

இங்கே உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். முசிறி மிளகையும் கங்கைச் சடாமாஞ்சிலையும் கேலன் எப்படிப் பயன்படுத்தினார் என்பதை எழுத, தமிழும் கிரேக்கமும் அரபியும் பாரசீகமும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். இந்த நான்கையும் படிக்க இந்தத் தலைநகரில் உங்களுக்கு இருக்கும் வசதி நம் ஊரில் கிடைப்பது கடினம். உங்களில் ஒருவராவது முன்வர வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உப்புசம் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், மலம் கறுப்பாகப் போனால், எந்த லேகியத்தையும் தேடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை அஜ்மல் கான் ரோட்டுக்குப் போகும்போது, கடைகளை முடித்துக்கொண்டு திப்பியா கல்லூரி வாசல்வரை போய், உள்ளேயும் ஒரு முறை சென்று பார்த்து வாருங்கள்.